டாக்டரம்மா பதில்கள்: இறங்கிய ஷட்டரும் ஏறிய ஷட்டரும்

போன இதழில் "ஜீன் கெட்டுப்போகாமல், வெறுமனே மூடிக்கொண்டாலும் புற்றுநோய்க்கு வழி உண்டு" என்று ஒரே வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த வரியைப் பற்றித்தான். தஞ்சாவூரில் 31 வருஷம் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து நான் தினமும் பார்த்தது இதைத்தான். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க இதற்கே.

"எல்லா செல்லிலும் ஒரே டி.என்.ஏ. என்று புத்தகத்தில் இருக்கிறது. அப்படியானால் கண் ஏன் கண்ணாக இருக்கிறது, கல்லீரல் ஏன் கல்லீரலாக இருக்கிறது? வகுப்பில் கேட்டேன். 'ஜீன் எக்ஸ்பிரஷன்' என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள்." — பிளஸ் டூ மாணவி, மன்னார்குடி

கண்ணு, எழுதிக்கொண்டது சரிதான். ஆனால் அது பெயர். உனக்கு வேண்டியது விளக்கம்.

உங்கள் ஊருக்குப் பாமணியாறு எங்கிருந்து வருகிறது? நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. மேலே வருவது ஒரே தண்ணீர். எந்த ஷட்டர் ஏறியிருக்கிறது, எது இறங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எந்த ஊர் வயல் நனையும் என்பது. செல்லுக்குள்ளும் அப்படித்தான். புரதம் செய்யச் சொல்லும் ஜீன்கள் மனிதருக்குச் சுமார் 20,000. கல்லீரல் செல்லில் அவற்றில் ஒரு பகுதி திறந்திருக்கும், மற்றவை மூடியிருக்கும். கண்ணில் திறந்திருப்பது வேறு, மூடியிருப்பது வேறு.

சரி, ஜீனை எப்படி மூடுவது? இங்கே ஆற்றை விட்டுவிட்டுத் திருபுவனத்துக்குப் போகலாம். பட்டு நெய்யும் வீடுகளில் தார் சுற்றுவதைப் பார்த்திருப்பாய். அவ்வளவு நீள இழையும் சிக்கலில்லாமல் ஒரு சின்னக் குச்சியில் அடங்கிவிடும். உன் ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ. இழையை நீட்டினால் 2 மீட்டர் வரும். அது அடங்கவேண்டிய நியூக்ளியஸ் குறுக்கே சுமார் 6 மைக்ரான்தான். அதாவது, ஒரு மில்லிமீட்டரை நூற்று அறுபதாக வெட்டினால் அதில் ஒரு துண்டு. அதனால் இழை ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றிக்கொள்கிறது. ஓர் உருண்டைக்கு 147 எழுத்து (டி.என்.ஏ. இழையில் வரிசையாகக் கோத்திருக்கும் ரசாயனத் துண்டுகளைத்தான் எழுத்து என்கிறோம்), கிட்டத்தட்ட ஒன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூட. ஒரு செல்லில் இப்படிச் சுமார் 3 கோடி உருண்டைகள். இழையும் உருண்டையும் சேர்ந்ததுதான் குரோமாட்டின். உருண்டைகள் தள்ளித்தள்ளி இருந்தால் அந்த இடத்து ஜீனைப் படிக்க முடியும். ஒன்றோடொன்று நெருங்கி இறுகிவிட்டால் படிக்கும் புரதம் உள்ளே நுழைய முடியாது. எங்கே இறுக வேண்டும், எங்கே தளர வேண்டும் என்பதற்கு ஹிஸ்டோனின் வால்களிலும் டி.என்.ஏ. மேலேயும் சின்னச்சின்ன ரசாயனக் குறிகள் உண்டு. எழுத்து மாறுவதில்லை. குறிதான் மாறுகிறது.

இதை நான் கண்ணால் பார்த்த இடத்தைச் சொல்கிறேன். எலும்பு மஜ்ஜையிலிருந்து ஒரு துளியை எடுத்துக் கண்ணாடியில் தேய்த்துக் காயவைப்போம். மேலே லீஷ்மன் சாயத்தை ஊற்றி இரண்டு நிமிஷம் விட்டு, பஃபர் கரைசலைச் சேர்த்து, ஊதி ஊதிக் கலந்து, பத்து நிமிஷம் கழித்துக் கழுவினால் நியூக்ளியஸ் எல்லாம் ஊதா நிறத்தில் எழும்பும். சிவப்பணு ஆகப்போகும் இளம் செல்லைப் பார்த்தால் அதன் நியூக்ளியஸ் பெரிதாக, வெளிறி, மெல்லிய வலைத்துணி போல இருக்கும். அடுத்த கட்டத்துச் செல்லில் அங்கங்கே திட்டுத்திட்டாகக் கறுத்திருக்கும். அதற்கும் அடுத்ததில் சுருங்கி, கடைசியில் கடுகு மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. அப்புறம் அந்தப் புள்ளியையே செல் வெளியே தள்ளிவிடும். மிஞ்சுவது சிவப்பணு. ஒரே ஸ்லைடில், ஒரு செல் தன் ஜீன்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே தொழிலில் தேறுவதை வரிசையாகப் பார்க்கலாம். இறுகிக் கறுத்த பகுதிக்கு ஹெட்டரோகுரோமாட்டின் என்று 1928இல் பெயர் வைத்தவர் எமில் ஹைட்ஸ். உங்கள் பள்ளி ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப் இருந்தால், வெங்காய வேர் நுனியையாவது சாயம் போட்டுப் பார்த்துவிடு. படத்தில் பார்ப்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு.

"எங்கள் வீட்டுப் பூனைக்கு வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு என்று மூன்று நிறம். அது போட்ட ஆண் குட்டி ஒன்றுக்குக்கூட மூன்று நிறம் வரவில்லையே, ஏன்?" — ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

ஐயா, மூடிய ஜீன் செல்லின் நினைவில் எப்படி நிற்கிறது என்பதற்கு உங்கள் பூனையைவிட நல்ல சான்று கிடையாது. செம்பழுப்பா கறுப்பா என்று தீர்மானிக்கும் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. கரு சின்னதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் அவற்றில் ஏதோ ஒன்றை இறுக்கி மூடிவிடுகிறது. செம்பழுப்பு எக்ஸை மூடிய செல்லின் சந்ததி முழுக்கக் கறுப்பு முடி. கறுப்பை மூடியதன் சந்ததி முழுக்கச் செம்பழுப்பு. எத்தனை முறை செல் பிரிந்தாலும் அந்த முடிவு மாறுவதில்லை. திட்டுகள் அப்படி வந்தவைதான். (வெள்ளைக்குக் காரணம் வேறு ஒரு ஜீன்.) ஆண் பூனைக்கு எக்ஸ் ஒன்றுதான் என்பதால் ஏதாவது ஒரு நிறம்தான். மிக அபூர்வமாக இரண்டு எக்ஸோடு பிறக்கும் கடுவனுக்கு மட்டும் விலக்கு. இந்த விளக்கத்தை 1961இல் சொன்னவர் இங்கிலாந்தின் மேரி லயன். வீட்டில் அம்மாவிடம் சொல்லுங்கள்: பெண்கள் எல்லோரும் இப்படித் திட்டுத்திட்டாகத்தான் இருக்கிறோம், தோலில் தெரிவதில்லை, அவ்வளவுதான். பெண்களின் சில வெள்ளையணுக்களில், மூடிய அந்த எக்ஸ் குரோமோசோம் நியூக்ளியஸின் ஓரத்தில் ஒரு குமிழாகத் தொங்குவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

"ஸ்டெம் செல்லும் பெருகுகிறது, புற்றுநோய் செல்லும் பெருகுகிறது. ஒன்று உயிர் கொடுக்கிறது, இன்னொன்று உயிரை எடுக்கிறது. வித்தியாசம் எங்கே இருக்கிறது?" — விவசாயி, திருக்காட்டுப்பள்ளி

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கம் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள் ஐயா.

ஸ்டெம் செல் என்பது இன்னும் தொழில் தேர்ந்தெடுக்காத செல். அதில் எல்லாம் திறந்து கிடக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2006இல் எலிக் கருவின் ஸ்டெம் செல்களைத் துருவிப் பார்த்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. நரம்பாக, எலும்பாக, ரத்தமாக ஆக்கும் முக்கியமான ஜீன்கள் பலவற்றில் 'திற' என்ற குறியும் 'மூடு' என்ற குறியும் ஒரே இடத்தில் இருந்தன. ஷட்டர் இறங்கியிருக்கிறது, ஆனால் ஷட்டரை ஏற்றி இறக்கும் ஊழியரான லஸ்கர் சாவியோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். உத்தரவு வந்ததும் ஒன்றைத் திறப்பார், மற்றதைப் பூட்டிவிட்டுப் போவார். அந்த 'மூடு' குறியை வைப்பவை பாலிகோம்ப் என்ற புரதக் கூட்டம். பழ ஈயின் ஆணுக்கு முன்னங்கால்களில் மட்டும் சீப்பு மாதிரி ஒரு முடி வரிசை உண்டு. இந்த ஜீன் பழுதான ஈக்களில் பின்கால்களிலும் சீப்பு முளைத்தது. 1947இல் பமீலா லூயிஸ் அதைக் கண்டு சொன்னார். பெயர் அப்படி வந்தது. மூட வேண்டிய ஜீனை மூடாவிட்டால் ஒரு கால் தான் எந்தக் கால் என்பதையே மறந்துவிடுகிறது.

இப்போது புற்றுநோய்க்கு வருவோம். 2006இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா எலியின் சாதாரணத் தோல் செல்லுக்குள் நான்கு ஜீன்களைச் செலுத்தி அதை மறுபடி ஸ்டெம் செல் ஆக்கிக் காட்டினார். 2012இல் ஜான் கர்டனோடு சேர்ந்து நோபல் கிடைத்தது. அதன்பிறகு ஜப்பானிலேயே இன்னொரு குழு, உயிருள்ள எலியின் உடம்பில் அதே நான்கு ஜீன்களைச் சில நாட்கள் மட்டும் முடுக்கிவிட்டுப் பாதியில் நிறுத்தியது. செல்கள் பழைய தொழிலையும் விட்டிருந்தன. ஸ்டெம் செல்லாகவும் ஆகியிருக்கவில்லை. எலிகளுக்குக் கட்டி வந்தது. சிறுநீரகத்தில் வந்தது, குழந்தைகளுக்கு வரும் வில்ம்ஸ் கட்டியைப் போலவே இருந்தது. அந்தக் கட்டி செல்களை எடுத்து முழுமையாக ஸ்டெம் செல் நிலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, அவற்றிலிருந்து ஒழுங்கான சிறுநீரக செல்கள் வந்தன! எழுத்து கெட்டிருந்தால் இது நடக்காது. 2014இல் வந்த அந்தக் கட்டுரையைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதுவரை எத்தனை பேரிடம் "ஜீன் உடைந்துவிட்டது, அவ்வளவுதான்" என்று ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன் என்ற நினைப்பு.

2024இல் பிரான்சின் மோன்பெலியே நகரத்துக் குழு இதே கதையின் மறுபக்கத்தைக் காட்டியது. ஈயின் புழுப் பருவத்தில் பாலிகோம்ப் புரதத்தைக் கொஞ்ச காலத்துக்கு மட்டும் குறைத்து, அப்புறம் பழையபடி வரவிட்டார்கள். புரதம் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் கட்டி வளர்வது நிற்கவில்லை. சில மதகுகளை ஒருமுறை தவறான நேரத்தில் திறந்துவிட்டால், ஷட்டரை மறுபடி இறக்கினாலும் தண்ணீர் வேறு பாதை வெட்டிக்கொண்டு ஓடுகிறது.

ஆக, பெருகுவதில் வித்தியாசம் இல்லை. ஸ்டெம் செல் போக வேண்டிய பாதையில் போய், மூட வேண்டியதை மூடி, ஓர் இடத்தில் நிற்கிறது. புற்றுநோய் செல் பாதி வழியில் மாட்டிக்கொண்டு அங்கேயே பெருகுகிறது. ரத்தப் புற்றுநோய் ஸ்லைடில் இது அப்பட்டமாகத் தெரியும்: முதிர்ந்து கறுக்க வேண்டிய நியூக்ளியஸ்கள், ஸ்லைடு நிறைய, இளசாகவே, வெளிறியே நிற்கும்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மனிதருக்கு வரும் புற்றுநோயில் எழுத்துப் பிழையும் இந்த மூடல் பிழையும் பெரும்பாலும் கலந்தேதான் இருக்கின்றன. பல சமயம் மூடித் திறக்கும் புரதத்தின் ஜீனிலேயே எழுத்துப் பிழை விழுகிறது.

"அப்பாவுக்கு 71 வயது. எம்.டி.எஸ். என்று சொல்லி அசாசிடிடின் ஊசி போடுகிறார்கள், மாதம் 7 நாள். 'மூடின ஜீனைத் திறக்கிற மருந்து' என்று டாக்டர் சொன்னார். இரண்டு சுற்று ஆகிவிட்டது, வெள்ளையணு முன்பைவிடக் குறைந்திருக்கிறது. சொந்தக்காரர்கள் நிறுத்தச் சொல்கிறார்கள். என்ன செய்வது?" — பெயர் வேண்டாம், மயிலாடுதுறை

அம்மா, முதலில் பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். காரணத்தை விவரமாகச் சொல்கிறேன், சொந்தக்காரர்களிடமும் படித்துக் காட்டுங்கள்.

எம்.டி.எஸ். என்பது மஜ்ஜையின் ஸ்டெம் செல்லில் வரும் நோய். செல் பிறக்கிறது, ஒழுங்காக முதிர்வதில்லை. மஜ்ஜை நிறைய செல் இருக்கும், ரத்தத்தில் கவுண்ட் இருக்காது. இந்த நோயில் அடிக்கடி பழுதாகும் ஜீன்களைப் பட்டியல் போட்டால், டி.என்.ஏ. மேல் மெத்தில் குறி வைப்பது, அந்தக் குறியை எடுப்பது, ஹிஸ்டோனில் 'மூடு' குறி வைப்பது என்று எல்லாம் ஷட்டர் பார்க்கும் வேலைக்காரர்கள்தான். அதனால் முதிர்வதற்கு வேண்டிய பல ஜீன்கள் மெத்தில் குறி விழுந்து மூடிக்கிடக்கின்றன.

செல் பிரியும்போது டி.என்.ஏ. நகலாகிறது. ஒரு நொதி கூடவே வந்து, பழைய இழையில் குறி இருந்த இடத்தைப் பார்த்துப் புது இழையிலும் வைக்கிறது. பூனையின் திட்டு மாறாமல் இருப்பதற்கும் இந்த மாதிரி நகல்தான் உதவுகிறது. அசாசிடிடின் பார்ப்பதற்கு டி.என்.ஏ.வின் ஓர் எழுத்தைப் போலவே இருக்கும். செல் ஏமாந்து அதைப் புது இழையில் கோத்துவிடும். குறி வைக்க வந்த நொதி அந்தப் பொய் எழுத்தில் ஒட்டிக்கொண்டு மாட்டிக்கொள்ளும். புது இழை குறி இல்லாமல் போகும். இன்னொரு முறை பிரிந்தால் இன்னும் குறையும். கவனியுங்கள், இது செல் பிரியப்பிரியத்தான் நடக்கிறது. அதனால்தான் பலன் தெரிய மாதங்கள் ஆகின்றன. பொதுவாக 6 சுற்றாவது கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பலன் உண்டா இல்லையா என்று முடிவு செய்வார்கள். முதல் சில சுற்றுகளில் கவுண்ட் இறங்குவது எதிர்பார்க்கிற ஒன்றுதான்.

இந்த மருந்துக்கு வயசாகிவிட்டது. 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவில் செய்தார்கள். அன்று இதை வெறும் செல் கொல்லியாக நினைத்து அதிக அளவில் கொடுத்து, தாங்க முடியாமல் கைவிட்டவர்கள் உண்டு. 1970களின் கடைசியில் பீட்டர் ஜோன்சும் உடன் வேலை செய்தவர்களும் இதைக் குறைந்த அளவில் எலி செல்களுக்குக் கொடுத்தார்கள். சில நாள் கழித்துத் தட்டைப் பார்த்தால் உள்ளே தசை இழைகள் துடித்துக்கொண்டிருந்தன. மூடிக்கிடந்த தசை ஜீன்கள் திறந்துவிட்டன! 2004இல்தான் அமெரிக்காவில் எம்.டி.எஸ்.ஸுக்கு அனுமதி கிடைத்தது. கொஞ்சமாக, மாதாமாதம், விடாமல் கொடுப்பதுதான் இதன் முறை என்று புரிய அவ்வளவு வருஷம் ஆயிற்று.

இது நோயை வேரோடு எடுக்கும் மருந்து இல்லை என்பதையும் உங்களிடம் மறைக்க மாட்டேன். நோயைத் தள்ளிப்போடும், ரத்தம் ஏற்றும் தேவையைப் பலருக்குக் குறைக்கும். 71 வயதில் அது பெரிய விஷயம்.

நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது வெள்ளையணுவை. வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கட்டும். 100.4 டிகிரி தாண்டினால் ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஈறில் ரத்தம், தோலில் புதுப் புள்ளிகள், கறுப்பு மலம் என்றாலும் அப்படியே. ஊசி போட்ட இடம் சிவந்து தடிப்பது சகஜம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை சுற்றுக்குப் பிறகு மஜ்ஜையைத் திரும்பப் பார்ப்பீர்கள்? கவுண்ட் எவ்வளவு இறங்கினால் சுற்றைத் தள்ளிவைப்பீர்கள்? பதிலை நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள்.

"அப்படியானால் எல்லா ஜீனையும் திறக்கும் மாத்திரை ஒன்று கண்டுபிடித்துவிட்டால் புற்றுநோய் போய்விடுமே?" — மருந்துக்கடை ஊழியர், பாபநாசம்

போகாது தம்பி. அடைப்பு கெட்டது, திறப்பு நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈ.இசட்.எச்.2 என்று ஒரு புரதம், பாலிகோம்ப் கூட்டத்தில் 'மூடு' குறியை வைப்பது இதுதான். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் ஒருவகையில் இது அளவுக்கு மீறி வேலை செய்கிறது. முதிர வேண்டிய செல்லை முதிரவிடாமல் மூடிவைக்கிறது. ஆனால் மேலே சொன்ன எம்.டி.எஸ்.ஸில் சிலருக்கு அதே புரதம் வேலையே செய்வதில்லை. ஒரே ஆள், ஓர் ஊரில் அதிகம் அடைத்ததால் கேடு. இன்னோர் ஊரில் அடைக்காமல் விட்டதால் கேடு.

இதைக் கட்டிப்போடும் மாத்திரை ஒன்று, டாசமெட்டோஸ்டாட், 2020இல் அமெரிக்காவில் எபிதீலியாய்டு சர்கோமா என்ற அபூர்வப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அந்தப் புற்றில் குரோமாட்டினைத் திறக்கும் கூட்டத்தில் ஓர் ஆள் காணாமல் போயிருப்பார். அதனால் மூடுகிறவரின் கை ஓங்கிவிடும். அந்தக் கையைக் கட்டினால் சமநிலை வரும் என்பது கணக்கு. கணக்கு அழகானது. ஆனால் சோதனையில் 62 பேரில் 15 சதவீதத்தினருக்குத்தான் கட்டி நன்றாகச் சுருங்கியது. நல்ல தொடக்கம் என்று நான் நினைக்கிறேன். அதற்கு மேல் யாராவது சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

"முழங்கால் வலிக்கு ஸ்டெம் செல் ஊசி, சர்க்கரைக்கு ஸ்டெம் செல் ஊசி என்று விளம்பரம் வருகிறது. போட்டுக்கொள்ளலாமா?" — குடும்பத்தலைவி, நாகப்பட்டினம்

வேண்டாம். ரத்த நோய்களுக்கு மஜ்ஜை மாற்று சிகிச்சை, அதாவது ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல்லை மாற்றுவது, நிரூபணமானது. பல ஊர்களில் நடக்கிறது. மற்றவற்றை முறையான ஆய்வாக மட்டுமே செய்யலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டு நெறி சொல்கிறது. ஆய்வுக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

"மாப்பிள்ளைச் சம்பா வயலில் ஒரே குத்தில் சில தூர் குட்டையாகவும் சில தூர் நெட்டையாகவும் நிற்கிறது. இதுவும் நீங்கள் எழுதுகிற ஜீன் மூடல்தானா?" — விவசாயி, திருத்துறைப்பூண்டி

முக்கால்வாசி கலவனாக, அதாவது வேறு ரக விதை கலந்ததாக, இருக்கும் ஐயா. நடும்போது இரண்டு மூன்று நாற்று சேர்ந்து ஒரே குத்தாகியிருக்கும். ஆனால் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஜப்பானில் இப்படி ஒரு நெல் உண்டு. ஒரே விதையில் வந்த செடியில் குட்டைத் தூரும் நெட்டைத் தூரும் சேர்ந்து நிற்கும். உயரம் தரும் ஜீனில் எழுத்து சரியாகவே இருக்கிறது, சில தூர்களில் மட்டும் அது மூடிக்கொள்கிறது என்று 2009இல் கண்டுபிடித்தார்கள்.

கலவன் நீக்கும்போது அந்தக் குத்தை மட்டும் பிடுங்காமல் விடுங்கள். ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அறுவடை முடிந்ததும் அடித்தூரைத் தோண்டி மண்ணைக் கழுவிப் பாருங்கள்: வேர் தனித்தனி நாற்றாகப் பிரிகிறதா, ஒரே செடியா? ஒரே செடி என்றால் குட்டைத் தூரின் நெல்லையும் நெட்டைத் தூரின் நெல்லையும் தனித்தனியாக எடுத்து, அடுத்த பருவம் இரண்டு தொட்டியில் விதையுங்கள். போட்டோவோடு எனக்கு எழுதுங்கள்.